பழைய மாடலா, புதிய மாடலா? மடிக்கணினி வாங்குவோருக்கு ஒரு பாடம்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, கொம்பில் தீட்டிய வண்ணத்தையும் கழுத்தில் கட்டிய சலங்கையையும் பார்த்து விலை பேசுவதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, எட்டுப் பல்லும் முளைத்துத் தேயத் தொடங்கிவிட்டதா என்று அறிகிறார். சிறிது தூரம் நடக்கவிட்டுக் காலைக் கவனிக்கிறார். இத்தனை சோதனைகளும் ஒரே ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே: "நாம் கொடுக்கும் பணத்திற்கு இம்மாடு இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும்?"

இந்த அறிவு நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஆயினும் மடிக்கணினி வாங்கும்போது இதே கேள்வியைக் கேட்க நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

நமது வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு சிறு விவசாயி, பி.காம். முதலாண்டில் சேர்ந்த தம் மகளுக்காக 2025 நவம்பர் மாதத்தில் ஒரு மடிக்கணினி வாங்கினார். அதற்காகக் கறவை மாடு ஒன்றை விற்றார். நகரத்துக் கடை ஒன்றில் ரூ.22,000 கொடுத்துப் பழைய யந்திரம் ஒன்றை எடுத்தார். அதன் மேல் 'கோர் ஐ-7' என்ற வில்லை ஒட்டியிருந்தது. "ஐ-5ஐ விட ஐ-7 உயர்ந்தது, புதிதாக வாங்கப் போனால் இதைப் போல் மூன்று மடங்கு ஆகும்" என்று கடைக்காரர் கூறினாராம். கால் மணி நேரத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது.

குடியரசு நாள் கிராம சபைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தபோது, அவர் அந்த யந்திரத்தைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "ஐயா, மாடு பார்த்து வாங்குகிறவன் நான். இதிலே நான் ஏமாந்துவிட்டேனா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார்.

திறந்து பார்த்தோம். வில்லையில் இருந்தது உண்மையே. ஆனால் அந்த ஐ-7, 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரேம் 4 ஜி.பி. மட்டுமே இருந்தது. உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். பொத்தானை அழுத்தியபின் வேலைக்கு ஆயத்தமாக ஐந்து நிமிடங்கள் சென்றன. அதில் போடப்பட்டிருந்த விண்டோஸ் 10க்கான பாதுகாப்புக் காலமோ, அவர் வாங்குவதற்கு முந்தைய மாதமே முடிவடைந்துவிட்டது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் இல்லை. வாங்கியவரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை எவை என்பதை அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வேலை, பிறகு யந்திரம்

இரண்டு ஏக்கர் புன்செய் உள்ளவர் பெரிய டிராக்டர் வாங்குவதில்லை. அதுபோல, என்ன வேலைக்கு வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கிராமத்தில் மடிக்கணினிக்கு உள்ள வேலைகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, படிப்பும் எழுத்தும். கட்டுரை எழுதுதல், பாடங்களைப் படமாகப் பார்த்தல், விண்ணப்பங்களை அனுப்புதல், கணக்குப் பட்டியல் போடுதல் ஆகியவை இதில் அடங்கும். கலை, வணிகவியல் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

இரண்டாம் வகை, அலுவலக வேலை. பஞ்சாயத்துக் கணக்கு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வரவு செலவு, கூட்டுறவுச் சங்கப் பதிவுகள் முதலியவை இதைச் சேர்ந்தவை. இங்கே வேகத்தைக் காட்டிலும் நம்பகமும் பாதுகாப்புமே முக்கியம்.

மூன்றாம் வகை, கனமான வேலை. பொறியியல் வரைபடம், திரைப்படத் தொகுப்பு போன்றவை. இவ்வேலைக்குக் குறைந்த பணத்தில் வாங்க முயல்வது வீண். இத்தகைய படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவர், எந்த மென்பொருளை உபயோகிக்க வேண்டியிருக்கும் என்று கல்லூரியில் கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

முதல் இரண்டு வகையினரே நம் வாசகர்களில் மிகுதி. ஆதலால் அவர்களை மனத்திற்கொண்டே மேலே எழுதுகிறோம்.

யந்திரத்தின் பல்லைப் பார்ப்பது எப்படி?

கணினியில் கணக்கிடும் வேலையைச் செய்யும் உறுப்புக்குப் பிராசசர் என்று பெயர். அதற்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. பெரும்பாலோர் பெயரை மட்டும் பார்க்கின்றனர். வயது இருப்பதோ எண்ணில்.

இன்டெல் நிறுவனத்தின் பிராசசர்களில் ஐ-3, ஐ-5, ஐ-7 என்பவை வகுப்பைக் குறிப்பன. அதற்குப் பின் வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறையைக் காட்டும். 'ஐ-5 8250யு' என்றிருந்தால் அது எட்டாம் தலைமுறை. எண் 1 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 'ஐ-5 1135ஜி7' என்பது பதினொன்றாம் தலைமுறை; 'ஐ-3 1215யு' என்பது பன்னிரண்டாம் தலைமுறை.

தலைமுறையால் விளையும் வேற்றுமை சிறிதன்று. பிராசசருக்குள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் 'கோர்' என்பர். ஏரில் பூட்டிய மாடுகளைப் போல் இவற்றைக் கருதலாம். மேலே சொன்ன விவசாயி வாங்கியது 'ஐ-7 7500யு'. அதில் இருப்பவை 2 கோர்களே. அடுத்த ஆண்டு, அதாவது 2017இல், வெளிவந்த 'ஐ-5 8250யு'வில் 4 கோர்கள் உள்ளன. 2022இல் வந்த 'ஐ-3 1215யு'வில் பெரியவை 2, சிறியவை 4, ஆக 6 கோர்கள் உள்ளன. எனவே 2016ஆம் ஆண்டின் ஐ-7ஐ விட 2022ஆம் ஆண்டின் ஐ-3 மிகுந்த வேலை செய்யும். வகுப்பின் பெயரைப் பார்த்து மயங்குவது, கொம்பின் வண்ணத்தைப் பார்த்து மாடு வாங்குவதை ஒக்கும்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. புதிய பெயரில் பழைய சரக்கு வருவதும் வழக்கமே. ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைசன் 5 7520யு' 2022இல் வெளிவந்தது. அதன் உள்ளமைப்போ 2019இல் அறிமுகமான 'ஜென் 2' என்பதாகும். அதே வரிசையிலுள்ள '7530யு' அதற்கடுத்த 'ஜென் 3' அமைப்பை உடையது. ஏழாயிரத்தில் தொடங்கும் இவ்வரிசையில் மூன்றாம் இலக்கம் 2 என்றால் 'ஜென் 2', 3 என்றால் 'ஜென் 3', 4 என்றால் 'ஜென் 4' என்று அறியலாம். இன்டெல் நிறுவனமும் 2023ஆம் ஆண்டின் இறுதியில் 'ஐ' என்ற எழுத்தைக் கைவிட்டு, 'கோர் 5', 'கோர் அல்ட்ரா 5' என்று பெயரிடத் தொடங்கியது. அவற்றுள் 'கோர் 5 120யு' என்பது முந்தைய பதின்மூன்றாம் தலைமுறையின் அமைப்பையே தழுவியது. அது கெட்ட சரக்கு அன்று. ஆனால் பெயர் புதிது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது தேவையில்லை.

இந்த விவரங்களைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லக் கேட்பது போதாது. யந்திரத்தை இயக்கி, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதில் 'அபௌட்' என்பதைத் திறந்தால் பிராசசரின் முழுப் பெயரும் ரேமின் அளவும் தெரியும்.

எல்லைக் கோடு எது?

பழையது வாங்கலாம், ஆனால் எவ்வளவு பழையது? இதற்கு நம் விருப்பத்தைப் பொறுத்திராத ஓர் எல்லை உண்டு.

கணினியை இயக்கும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றின் வழியே திருடர் புகாதிருக்க, மென்பொருளை உண்டாக்கிய நிறுவனம் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். கரையில் உடைப்பு எடுக்கும் இடத்தை அடைப்பது போன்ற வேலை இது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான இவ்வேலையை 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பெறலாம் என ஒரு கால நீட்டிப்பு அளிக்கப்பட்டது. அது மாற்று ஏற்பாடு செய்துகொள்ளத் தந்த அவகாசமேயன்றி நிலையான தீர்வு அன்று.

விண்டோஸ் 11 எல்லா யந்திரத்திலும் முறைப்படி ஏறாது. இன்டெல் பிராசசராயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். 'டி.பி.எம். 2.0' எனப்படும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். ஏ.எம்.டி. பிராசசர்களுக்கும் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. 'பி.சி. ஹெல்த் செக்' என்னும் இலவச மென்பொருள், ஒரு யந்திரம் தகுதியுடையதா இல்லையா என்று காட்டிவிடும்.

சில கடைகளில் தகுதியற்ற யந்திரத்திலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி விற்கின்றனர். திரையில் விண்டோஸ் 11 தோன்றுவதனால் மட்டும் அது தகுதி பெற்றதாகிவிடாது. ஆகவே எண்ணையே பார்க்க வேண்டும். விண்டோஸ் தேவைப்படுவோர் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் யந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. பத்தாம், பதினொன்றாம் தலைமுறை கிடைக்குமாயின் இன்னும் சில ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

ரேமும் சேமிப்புப் பெட்டகமும்

ரேம் என்பது வேலை செய்யும் மேசை, எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க் என்பது பொருள்களை அடுக்கி வைக்கும் பெட்டகம். மேசை சிறிதானால் ஒவ்வொரு காகிதத்திற்கும் பெட்டகத்தை நோக்கி எழுந்து நடக்க வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும் என்று விதித்திருக்கின்றனர். அது ஏறி நிற்பதற்குப் போதுமேயன்றி நடப்பதற்குப் போதாது. 8 ஜி.பி.யையே நாம் கீழெல்லையாகக் கொள்ள வேண்டும். ஐந்தாறு ஆண்டு வைத்திருக்க எண்ணுவோர் 16 ஜி.பி.க்கு உயர்த்த இடமுள்ள யந்திரத்தைத் தேடலாம். சில யந்திரங்களில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட இயலாது. "இதில் ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா?" என்று கேட்பது நல்லது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் ரேம் விலை கடுமையாக ஏறியதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 'பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை.

பெட்டகத்தைப் பொறுத்தவரை, சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள யந்திரத்தை இன்று வாங்குவது தவறு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதி இல்லை. ஆதலால் வேகம் பன்மடங்கு; அதிர்ச்சியால் பழுதடைவதும் குறைவு. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சாதாரண உபயோகத்திற்குப் போதும்.

மிக மலிவான சில புதிய யந்திரங்களில் 'இ.எம்.எம்.சி.' என்ற சேமிப்பு இருக்கும். 64 அல்லது 128 ஜி.பி. அளவினது. இது எஸ்.எஸ்.டி.யை விட மெதுவானது, பலகையோடு ஒட்டியது, மாற்ற இயலாது. 64 ஜி.பி. உள்ளதில் விண்டோஸும் அதன் திருத்தங்களுமே பெரும்பகுதி இடத்தை அடைத்துக்கொள்ளும். 'புதிது' என்ற ஒரு சொல்லுக்காக இதனை வாங்கியவர்கள் ஓராண்டிற்குள் வருந்துவதைக் கண்டிருக்கிறோம்.

நால்வகைச் சரக்கு

கடைத்தெருவில் நம் முன் நிற்பவை நான்கு வகை.

ஒன்று, இவ்வாண்டு வெளிவந்த புதிய மாடல். விலை மிகுதி. இவற்றில் பலவற்றுக்குச் செயற்கை அறிவுக்கான தனி உறுப்பு உள்ளது என்று விளம்பரம் செய்கின்றனர். கட்டுரை எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் அவ்வுறுப்பு வேண்டுவதில்லை.

இரண்டு, சென்ற ஆண்டு அல்லது அதற்கு முந்தைய ஆண்டின் மாடல், ஆனால் பெட்டி பிரிக்காத புதிய யந்திரம். நம் வேலைக்கு இதற்கும் முதல் வகைக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாது. புதிய மாடல் வந்தவுடன் கடைக்காரர் இதனை விலை குறைத்துத் தள்ள முற்படுவார். உத்தரவாதமும் முழுமையாக உண்டு.

மூன்று, கம்பெனிகளில் மூன்று நான்கு ஆண்டு உபயோகித்துக் கழித்த உயர்வகை யந்திரம். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் போன்றவை இவ்வகையின. அலுவலக உழைப்பிற்கென்றே செய்யப்பட்டமையால் உடலுறுதி மிக்கவை. பல மாடல்களில் ரேம், எஸ்.எஸ்.டி., பாட்டரி ஆகியவற்றை மாற்ற வசதியுண்டு. உதிரி உறுப்புகளும் நகரங்களில் கிடைக்கின்றன.

நான்கு, மிக மலிவான புதிய யந்திரம். 4 ஜி.பி. ரேமும் இரண்டு கோர் கொண்ட 'செலரான்' பிராசசரும் இதற்கு அடையாளம். புதிய மாடு என்றாலும் ஏர் இழுக்காத மாடு இது.

பொதுவாகச் சொல்லுமிடத்து, பணம் உள்ளவர் இரண்டாம் வகையையும், பணம் குறைந்தவர் மூன்றாம் வகையையும் நாடுவதே அறிவுடைமை. ஏன் என்பதைக் கணக்கின் மூலம் காண்போம்.

ஆண்டுக்கு எவ்வளவு?

கீழ்க்காணும் விலைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நாம் வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தம் ஊர்க் கடை விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

மலிவான புதிய யந்திரம் ரூ.25,000; இரண்டு ஆண்டில் சலித்துப் போகிறது எனில் ஆண்டுக்கு ரூ.12,500 ஆகிறது.

பதினொன்றாம் தலைமுறைப் பழைய உயர்வகை யந்திரம் ரூ.24,000, புதிய பாட்டரிக்கு ரூ.4,000; ஆக ரூ.28,000. நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ.7,000.

சென்ற ஆண்டு மாடல் புதிய யந்திரம் ரூ.40,000. ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.6,670.

இவ்வாண்டுப் புதிய மாடல் ரூ.52,000. ஏழு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.7,430.

மலிவென்று நாம் கருதியதே எல்லாவற்றிலும் விலையேறியதாக முடிவதைக் காண்க. கையில் ரொக்கம் இருக்குமாயின் சென்ற ஆண்டு மாடலே சிக்கனம்.

ஆனால் நம் விவசாயிகள் பலர் இதற்கும் கடன் வாங்குகின்றனர். பழைய உயர்வகை யந்திரத்திற்கும் சென்ற ஆண்டு மாடலுக்கும் இடையே உள்ள வேற்றுமை ரூ.12,000. இத்தொகையை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் ரூ.240 வட்டி. இரண்டு ஆண்டு கழித்து அசலைத் திருப்பினால் வட்டி மட்டும் ரூ.5,760. இப்போது அந்தப் புதிய யந்திரத்தின் உண்மை விலை ரூ.45,760, ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.7,630. பழைய யந்திரமே இப்போது சிக்கனமாகிவிட்டது. கைப்பணத்திற்கு ஒரு விடை, கடன் பணத்திற்கு வேறொரு விடை. கடையில் எவரும் இந்த வேற்றுமையைச் சொல்லமாட்டார்கள். வீட்டிலிருந்து புறப்படுமுன் நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பழையதை வாங்குவோர் செய்ய வேண்டிய சோதனைகள்

மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பது போல், பழைய யந்திரத்தை அரை மணி நேரமாவது கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும்.

1. பாட்டரி. லித்தியம் பாட்டரி முந்நூறு முதல் ஐந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுவது இயல்பு. 'பாட்டரி ரிப்போர்ட்' எடுத்துக் காட்டும்படி கடைக்காரரைக் கேளுங்கள். அதில் 'டிசைன் கபாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த அளவு. 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' என்பது இன்றுள்ள அளவு. இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் புதிய பாட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டே பேசுங்கள்.

2. உள்ளுறுப்புகள். 'டாஸ்க் மேனேஜர்' என்பதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறந்தால் எத்தனை கோர், எவ்வளவு ரேம், இருப்பது எஸ்.எஸ்.டி.யா ஹார்டு டிஸ்க்கா என்பன யாவும் தெரியும்.

3. திரை. முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் வைத்துப் புள்ளி, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 1366க்கு 768 என்ற அளவுள்ள திரை பழையது. 1920க்கு 1080 உள்ளதில் எழுத்து தெளிவாக இருக்கும். நெடுநேரம் படிக்கும் மாணவர் கண்ணுக்கு இது நன்மை தரும்.

4. கீல், விசைப்பலகை, துளைகள். மூடியைப் பலமுறை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள். யு.எஸ்.பி. துளை ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். வைஃபை, காமிரா, ஒலி ஆகியவற்றையும் சோதியுங்கள்.

5. பூட்டு. கம்பெனிகளில் கழித்த யந்திரங்கள் சிலவற்றில் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லோ கம்பெனிப் பூட்டோ நீங்காமல் இருக்கும். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றி, இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்தின் பெயர் தோன்றினால் அதனை வாங்க வேண்டாம்.

6. ரசீது. யந்திரத்தின் வரிசை எண், பிராசசரின் முழு எண், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு, உத்தரவாதக் காலம் ஆகிய யாவும் ரசீதில் இருக்க வேண்டும். ரசீது தராத கடையில் வாங்குவது, திருட்டு மாட்டை வாங்குவதற்குச் சமமான ஆபத்தை உடையது.

புதிய யந்திரம் வாங்குவோரும் ஒன்றைக் கேட்க வேண்டும்: பழுதானால் ஆள் வீடு தேடி வருவாரா, நாமே எடுத்துச் செல்ல வேண்டுமா? நகரத்திற்கு இருமுறை சென்றுவர இரண்டு நாள் கூலி போய்விடும். அதுவும் விலையில் சேர்ந்ததே.

வீட்டிலேயே ஒன்று கிடக்கிறதா?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக எண்ணற்ற வீடுகளுக்கு யந்திரங்கள் வந்தன. அவற்றுள் பல பரண்மேல் கிடப்பதை நாம் வீடுதோறும் காண்கிறோம். வாங்கும் எண்ணத்திற்கு முன் அதனை இறக்கித் தூசு தட்டிப் பாருங்கள். பலகை நல்ல நிலையில் இருந்தால் எஸ்.எஸ்.டி. போட்டு, ரேம் கூட்டி, லினக்ஸ் வகை மென்பொருள் ஒன்றை ஏற்றலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. இன்றும் பாதுகாப்புத் திருத்தம் பெறுபவை. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் உண்டு. மிகப் பழையனவற்றுக்குப் பணம் செலவிடுமுன் மெக்கானிக் ஒருவரைக் கலந்துகொள்வது நலம். தம்பி தங்கையர் எழுதிப் பழகுவதற்கு இதுவே தாராளமாகப் போதும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனத்திற்கு

வீட்டு உபயோகத்திற்குக் கூறிய சிக்கனம் பஞ்சாயத்து அலுவலகத்திற்கு அப்படியே பொருந்தாது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற 'இ-கிராம் சுவராஜ்' தளத்தின் வாயிலாகப் பஞ்சாயத்தின் திட்டமும் கணக்கும் பணப்பட்டுவாடாவும் நடைபெறுகின்றன. டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செருகுவது இந்த யந்திரத்தில்தான். ஊர்ப் பணம் முழுவதும் அதன் வழியே செல்கிறது. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன யந்திரத்தில் அச்சாவியைச் செருகுவது, கஜானாவைத் திறந்து வைத்துவிட்டு வயலுக்குச் செல்வது போலாகும். ஆகவே, அலுவலகத்தில் உள்ள யந்திரத்தில் ஓடுவது எந்த விண்டோஸ் என்பதை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்டறிய வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கும்போது, முழு உத்தரவாதமுள்ள புதிய யந்திரத்தையே கொள்முதல் விதிகளின்படி வாங்குதல் பொருத்தமானது.

மற்றொன்றும் கூற வேண்டும். தீர்மானத்தில் 'ஐ-5 மடிக்கணினி ஒன்று' என்று மட்டும் எழுதினால், விற்பவர் எந்த ஆண்டின் ஐ-5ஐக் கொடுத்தாலும் நாம் மறுக்க இயலாது. பிராசசரின் தலைமுறை, ரேம் 8 அல்லது 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி. அளவு, விண்டோஸ் 11 உரிமம், திரையின் அளவு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுது பார்ப்பவர் அலுவலகத்திற்கே வர வேண்டும் என்பது ஆகிய யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். விவரம் எழுதாத தீர்மானம் வரப்பு இல்லாத வயல் போன்றது.

பழைய யந்திரத்தைக் கழிக்கும்போது அதிலுள்ள கோப்புகளை முற்றிலும் அழித்த பின்னரே வெளியே அனுப்ப வேண்டும். மக்களுடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அதில் இருக்கக்கூடும்.

முடிவுரை

துணிப்பையில் யந்திரத்தைக் கொண்டுவந்த விவசாயிக்கு நாம் என்ன விடை கூறினோம் என்று வாசகர்கள் கேட்கலாம். "முழுதும் ஏமாந்துவிடவில்லை, ஆனால் கூடுதலாகக் கொடுத்துவிட்டீர்கள்" என்று உள்ளதை உள்ளபடி கூறினோம். ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, ரேமை 8 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் மின்ட் ஏற்றியதில் ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய் செலவாயிற்று. இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. அவர் மகள் பாடக் குறிப்புகளை அதில் எழுதி வருகிறாள். எனினும் டாலி என்னும் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. ஆகையால் அந்த ஒரு பாடத்திற்கு மட்டும் கல்லூரிக் கணினிக் கூடம் திறந்திருக்கும் நேரத்தை எதிர்பார்த்து அவள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மொத்தம் செலவான இருபத்தேழாயிரத்திற்குத் தகுதியுள்ள யந்திரமே கிடைத்திருக்கும் என்பதைத் தந்தை அறிவார். கேட்காத ஒரு கேள்விக்கு அவர் கொடுத்த விலை அது.

பழையது என்பதாலேயே ஒரு பொருள் தாழ்ந்ததாகிவிடாது. புதியது என்பதாலேயே உயர்ந்ததாகவும் ஆகிவிடாது. என்ன வேலை, எத்தனையாம் தலைமுறை, பாதுகாப்புத் திருத்தம் வருகிறதா, ரேம் எவ்வளவு, பெட்டகம் எத்தகையது, ஆண்டுக்கு என்ன செலவு என்னும் ஆறு கேள்விகளையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். ஆறுக்கும் தெளிவான விடை கிடைத்தபின் பணத்தை எண்ணுங்கள். விடை கிடைக்காவிடில் வெறுங்கையோடு திரும்பி வருவதில் இழுக்கு ஏதுமில்லை. பல் பார்க்க விடாதவனிடம் மாடு வாங்குபவர் நம் ஊர்களில் எவரும் இல்லை அன்றோ?

இக்கட்டுரையைப் படித்த உறுப்பினர்கள், ஊரில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு அந்த ஆறு கேள்விகளையும் பெரிய தாளில் எழுதச் செய்து, பஞ்சாயத்து அலுவலகத்திலும் நூலகத்திலும் ஒட்டுவார்களாயின், மாடு விற்றும் நகை வைத்தும் வாங்கும் பெற்றோர் பலருக்கு அது துணையாக அமையும்.